அறம் பேச வந்த ஐயாமாரே!

போர்ட்டிக்சன் கடற்கரை விடுதிகளில் கருத்தரங்குக்குப் பஞ்சமே கிடையாது. குளிரூட்டிய மண்டபம், நடுவில் தேநீர், மதியம் பிரியாணி, மாலையில் கடலைப் பின்னணியாக வைத்துக் குழுப்படம். 'பொறுப்புள்ள நுகர்வு' இப்போது நல்ல விலை போகும் தலைப்பு. மலிவுப் பொம்மை வாங்காதீர்கள், அதற்குள் எங்கோ ஓர் ஏழைப் பெண்ணின் வியர்வை இருக்கிறது என்று திரையில் படம் போட்டுக் காட்டுகிறார்கள். உண்மைதான். அதே மண்டபத்தைக் கூட்டித் துடைத்துவிட்டுப் பின்வாசல் வழியே சி ரூசாவுக்கு மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பும் பெண்ணின் வியர்வைக்கு மட்டும் திரையில் இடம் கிடைப்பதில்லை.

அவள் போகிற வழியில் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் நிற்கிறாள். மகளுக்கு ஐந்து வெள்ளியில் ஒரு பொம்மை. மஞ்சள் முடி, நீலக் கண், ஒரு பக்கம் தையல் விட்ட கவுன், முதுகில் சீனாவில் செய்தது என்று பொடி எழுத்து. பேரம் பேசி நாலரைக்கு வாங்கிப் பையில் போடுகிறாள். பிடியுங்கள் ஐயாமாரே, குற்றவாளி அகப்பட்டுவிட்டாள்! உலக வணிகத்தின் அத்தனை பாவமும் அந்தப் பைக்குள்தான் இருக்கிறது. தொழிற்சாலையைக் கட்டியவள் அவள். விலையைக் குறைத்தால்தான் அடுத்த ஆர்டர் என்று மிரட்டியவளும் அவள். மலேசியாவின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளிக்கு வந்ததே 2025இல்தான். அதில் வாடகையும் பள்ளிப் பேருந்தும் போக மிஞ்சுவதை வைத்துக்கொண்டு, மரத்தில் கடைந்து இயற்கைச் சாயம் பூசி நியாய வணிகச் சான்றிதழோடு வரும் நூற்றைம்பது வெள்ளிப் பொம்மையை வாங்காமல் விட்டாளே, எவ்வளவு நெஞ்சழுத்தம்!

பழியைக் கீழே தள்ளுவதில் உலகம் நல்ல தேர்ச்சி பெற்றது. 1993 மே 10ஆம் தேதி தாய்லாந்தின் நாக்கோன் பாத்தோம் மாகாணத்தில் காடர் பொம்மைத் தொழிற்சாலை தீப்பற்றியது. 188 பேர் செத்தார்கள். பெரும்பாலோர் இளம்பெண்கள், அமெரிக்கக் கடைகளுக்குப் பொம்மை தைத்துக்கொண்டிருந்தவர்கள். கதவுகள் பல பூட்டியிருந்தன. பொம்மை திருட்டுப் போய்விடக் கூடாதல்லவா! இரும்புத் தூண்களுக்குத் தீக்காப்புப் பூச்சு இல்லை, கட்டடம் மடங்கி விழுந்தது. அதே ஆண்டு நவம்பர் 19ஆம் தேதி சீனாவின் ஷென்சென்னில் ஜிலி பொம்மைத் தொழிற்சாலை எரிந்தபோது 87 பேர். அங்கே ஜன்னல்களுக்குக் கம்பி போட்டிருந்தார்கள்.

காடர் வழக்கு பத்தாண்டு நடந்தது. 2003இல் நீதிமன்றம் ஒருவழியாகக் குற்றவாளியைக் கண்டுபிடித்தது. சிகரெட் துண்டை அலட்சியமாக வீசினார் என்று ஒரு தொழிலாளிக்கு 10 ஆண்டுச் சிறை. நிர்வாகிகளும் பங்குதாரர்களும் விடுதலை. கம்பெனிக்கு 520,000 பாட் அபராதம். செத்தவர்களுக்குப் பங்கிட்டால் தலைக்கு மூவாயிரம் பாட்கூடத் தேறாது. பூட்டச் சொன்னவன் வீட்டுக்குப் போனான், புகைத்தவன் உள்ளே போனான்.

இந்தப் பூட்டின் குணம் தோட்டத்துச் சனங்களுக்கு நன்றாகத் தெரியும். பால்மரக் காலத்தில் எங்கள் பிள்ளைகளுக்கு ஏது பொம்மைக் கடை? ஒட்டுப்பாலை இழுத்து இழுத்து உருட்டிச் சுற்றினால் பந்து. தரையில் அடித்தால் லயத்துக் கூரைக்கு மேலே துள்ளும். மண்டோர் கண்ணில் பட்டுவிட்டால் அது பந்தல்ல, கம்பெனிச் சொத்து. அப்பனுக்குத்தான் ஏச்சு விழும். ரப்பர் விதையை மட்டும் எத்தனை வேண்டுமானாலும் பொறுக்கலாம். அதற்கு லண்டனில் விலை இல்லை.

உலகத்துக் குழந்தைகளின் பலூனுக்கும் பந்துக்கும் பால் வெட்டிய கைகள் அவை. கூலியை வெட்டினார்கள் என்பதால் 1938இல் இந்திய அரசாங்கமே மலாயாவுக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தியது. 1941இல் கிள்ளான் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்தவர்கள் கூலி உயர்வோடு இன்னொன்றும் கேட்டார்கள்: துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும். பதிலுக்குப் பட்டாளம் வந்தது, துப்பாக்கி பேசியது. அந்த ரப்பரில் ஓடிய காரில் பவனி போன சீமைக் கனவான் யாரையாவது மண்டபத்தில் உட்காரவைத்து 'பொறுப்புள்ள நுகர்வு' போதித்ததாக வரலாறு உண்டா?

பிறகு நமக்கும் விடிந்தது. 1981 செப்டம்பர் 7ஆம் தேதி லண்டன் பங்குச் சந்தையில் சில மணி நேரத்தில் துரைமாரின் கத்ரி தோட்டக் கம்பெனி மலேசியாவின் கைக்கு வந்தது. வீரக் கதை, மறுப்பதற்கில்லை. ஆனால் அன்று விடியற்காலை பெரட்டுக்கு நின்றவர்கள் மறுநாள் விடியற்காலையும் பெரட்டுக்கு நின்றார்கள். லாபம் போகும் ஊர் மாறியது, லயம் அப்படியே இருந்தது. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டம் வந்தது. தலைமுறை தலைமுறையாய் உழைத்தவனுக்குக் கிடைத்தது காலி செய்யச் சொல்லும் கடிதம். அவன் மகள் தொழிற்சாலைப் பேருந்தான கிலாங் பஸ் ஏறி சேனவாங் தொழிற்பேட்டைக்குப் போனாள். மின்னணுத் தொழிலாளர்கள் வட்டார அளவில் சங்கம் அமைக்கவே 2009 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பொம்மை வாங்கினாளே, அவள் இந்த வம்சம். சுரண்டலைப் பற்றி அவளுக்கு வகுப்பெடுக்க வந்திருக்கிறீர்கள்!

சட்டம் இல்லாமலா இருக்கிறது? இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் விதிப்படி இங்கே விற்கும் பொம்மைக்கு எம்.சி. முத்திரை வேண்டும். சாயத்தில் விஷம் உண்டா, கண் கழன்று குழந்தையின் தொண்டையில் சிக்குமா என்றெல்லாம் பார்க்க வேண்டும். பார்க்கட்டும், அது தேவைதான். ஆனால் அந்தச் சாயத்தைப் பூசியவளைப் பற்றி முத்திரை மூச்சு விடாது. 2007இல் ஈயச் சாயம், கழன்று விழும் காந்தம் என்று மேட்டல் கம்பெனி ஒரு கோடிக்கும் மேற்பட்ட பொம்மைகளைத் திரும்பப் பெற்றபோது உலகமே பதறியது. வாங்கிய வீட்டுக் குழந்தை நக்கிவிடுமே என்று பதறியது. அதே சாயத்தை நாள் முழுக்க மூக்கருகே பீய்ச்சியடித்த தொழிலாளியை யாரும் திரும்பப் பெறவில்லை. அவள் பழுதான சரக்குப் பட்டியலில் வரமாட்டாள்.

சான்றிதழைப் பார்த்து வாங்குங்கள் என்பீர்கள். பார்த்தோமே! நீடித்த உற்பத்தி என்று சான்றிதழ் பெற்ற பாமாயிலில் உலகின் முன்வரிசையில் நின்றது சைம் டார்பி பிளான்டேஷன். 2020 டிசம்பர் 30ஆம் தேதி, கட்டாய உழைப்பின் அறிகுறிகள் இருப்பதாகச் சொல்லி அமெரிக்கச் சுங்கத்துறை அதன் எண்ணெய்க்குத் தடை போட்டது. கம்பெனி சீர்திருத்தங்கள் செய்தது, 2023இல் தடை நீங்கியது. 2024இல் அது தன் பெயரையும் மாற்றிக்கொண்டது. என்ன பெயர் தெரியுமா? எஸ்.டி. கத்ரி. கம்பெனி கைமாறி நாற்பத்து மூன்று வருடம் கழித்தும் துரையின் பெயர்தான் பலகை ஏறியிருக்கிறது. சான்றிதழ் தொங்கும் சுவரில் ஆணி அடித்தவனின் சம்பளம் அதில் எழுதியிருக்காது என்பதை நாங்கள் இப்படித்தான் கற்றோம்.

நம் வீட்டு அழுக்கையும் வெளியே போட்டுவிடலாம். தீபாவளிக்கு முன் வாரம் மக்கள் பிரதிநிதி ஒய்.பி. வருகிறார். கட்டுக்கட்டாக மொத்த விலையில் வாங்கிய பிளாஸ்டிக் கார்களும் பொம்மைகளும், அவற்றைவிடப் பெரியதாக அவர் முகம் போட்ட பதாகையும் வருகின்றன. ஐந்நூறு பொம்மை வாங்கினால் அது சமூக சேவை, ஒரு பொம்மை வாங்கினால் சுரண்டலுக்குத் துணை. மேடையில் பக்கத்தில் நிற்கும் நம் இன முதலாளியையும் பாருங்கள். தாத்தா கப்பலேறி வந்து பட்ட பாட்டைக் கண்ணீரோடு பேசுவார். அவர் உணவகத்தில் மேசை துடைக்கும் ராமநாதபுரத்துப் பையனின் கடப்பிதழ் அவருடைய இழுப்பறையில் பூட்டியிருக்கும். அது சட்டப்படி குற்றம் என்பது அவருக்கும் தெரியும். தாத்தாவுக்குக் கங்காணி செய்ததைப் பேரன் இன்னொருவனுக்குச் செய்கிறான். இதற்குப் பெயர் முன்னேற்றம்.

அப்படியானால் மலிவுப் பொம்மை வாங்குவது சரியா என்று மடக்கப் பார்க்காதீர்கள். சரியில்லை. அந்த நாலரை வெள்ளியில் ஒருத்தியின் தூக்கமும் நுரையீரலும் அடங்கியிருக்கின்றன, அதை எங்களைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்? ஆனால் நாலரை வெள்ளிக்காரி கடையை விட்டு நகர்ந்தால் ஷென்சென்னில் ஒரு கதவும் திறக்காது. திறக்கச் சொல்ல வேண்டியது கொள்கலன் கணக்கில் சரக்கு இறக்குபவனிடம். கட்டாய உழைப்பில் செய்த பொருளைச் சந்தைக்குள் விடாத சட்டம் ஐரோப்பிய ஒன்றியத்தில் 2027 டிசம்பரில் நடைமுறைக்கு வரப்போகிறது. நீங்களும் போர்ட் கிள்ளானுக்குப் போய்க் கேளுங்கள்: எந்தத் தொழிற்சாலை, என்ன முகவரி, என்ன சம்பளம், எத்தனை மணி நேர வேலை, ஷிப்டு நடக்கும்போது கதவுக்குச் சாவி யார் கையில்? எம்.சி. முத்திரைக்குப் பக்கத்திலேயே இதையும் அச்சடிக்கச் சொல்லுங்கள்.

அங்கே கேட்க மாட்டீர்கள். இறக்குமதியாளனுக்கு வழக்கறிஞர் உண்டு. அடுத்த கருத்தரங்குக்கு அவனே புரவலராகவும் இருக்கலாம். பாசார் மாலாமில் நிற்பவளுக்கு இரண்டும் இல்லை, ஆகவே மனசாட்சி அவளிடம்தான் கேட்கப்படும். முதலில் முகவரியை வாங்கி வாருங்கள் ஐயா. பிறகு அறம் பேசுங்கள், நாங்களும் உட்கார்ந்து கேட்கிறோம்.