பறவைத் தேர்தலியல்: நியூசிலாந்தை முன்வைத்து ஓர் ஆய்வு

வேட்புமனு போடாத, பிரச்சாரத்துக்கு வராத, தேர்தலில் நிற்கிறோம் என்பதே தெரியாத ஒருவர் ஜெயிக்க முடியுமா? அரசியல் அறிஞர்கள் இக்கேள்விக்கு உரிய மரியாதை தரவில்லை. அக்குறையைப் போக்கவே இக்கட்டுரை. ஆய்வுக்களம், நியூசிலாந்தில் ‘ஃபாரஸ்ட் அண்ட் பேர்ட்’ அமைப்பு 2005 முதல் நடத்திவரும் ‘ஆண்டின் சிறந்த பறவை’ தேர்தல்.

முதலில் வேட்பாளர் தகுதி. 2018இல் வென்ற கெரெரூ ஒரு காட்டுப்புறா. புளித்த பழத்தைத் தின்று, போதையேறி, மரத்திலிருந்து தொப்பென்று விழுவதில் பெயர்பெற்றது. தேர்தலில் சரக்கு வாக்காளருக்குப் போவதே நாமறிந்த மரபு. இங்கே வேட்பாளரே குடித்து விழுந்தும் வெற்றி. ஆனால் தொகுதிப் பணியில் குறை சொல்ல முடியாது. பெரிய பழங்களை முழுசாக விழுங்கி விதை பரப்ப அந்தக் காட்டில் அதை விட்டால் ஏறக்குறைய வேறு நாதியில்லை.

2021 இதைவிடச் சிக்கல். ஜெயித்தது நீள்வால் வௌவால். அந்நாட்டின் மண்ணுக்குரிய தரைவாழ் பாலூட்டிகள் வௌவால்கள் மட்டுமே என்பதால் அமைப்பாளர்களே பட்டியலில் சேர்த்திருந்தார்கள். அது முட்டையிடாது, குட்டி போடும், பால் கொடுக்கும். இருக்கட்டுமே! பெரும்பான்மை கிடைத்தபின் உயிரியல் வாயைத் திறக்கலாமா?

அடுத்து கள்ள ஓட்டு. 2020இல் சிறுபுள்ளிக் கிவிக்கு 1,500க்கும் மேற்பட்ட போலி வாக்குகள் விழுந்து, பிடிபட்டு, நீக்கப்பட்டன. கிவிக்கு மோப்பம் கூர்மை, பார்வை மந்தம். தன் கண்முன் எதுவும் நடக்கவில்லை என்று அது சத்தியமே செய்யலாம். அவ்வாண்டு வென்ற ககாபோ பறக்கத் தெரியாத குண்டுக் கிளி. 2008க்குப் பிறகு அதற்கு இது இரண்டாவது வெற்றி. மற்றவர்களும் பிழைக்கட்டும் என்று 2022இல் அதைப் போட்டியிலேயே சேர்க்கவில்லை. இந்த யோசனையை மற்ற நாடுகளுக்குச் சிபாரிசு செய்யலாமா என்று இக்கட்டுரையாளர் தீவிரமாக யோசித்ததுண்டு.

எல்லாவற்றுக்கும் சிகரம் 2023. மின்னஞ்சல் முகவரி இருந்தால் எந்த நாட்டுக்காரரும் வாக்களிக்கலாம் என்ற ஓட்டையைக் கண்டார், அமெரிக்கத் தொலைக்காட்சியில் நையாண்டி செய்யும் ஜான் ஆலிவர். பூட்டெகெட்டெக்கேக்கு நட்சத்திரப் பேச்சாளரானார். பாரிஸ், டோக்கியோ, மும்பை வரை விளம்பரப் பலகை வைத்தார். பறவை வேஷம் கட்டி டிவியில் தோன்றினார். முடிவு: 2,90,374 வாக்குகள். இரண்டாமிடம் வந்த கிவிக்கு 12,904. பென்குயின் ஒன்றுக்கு ஒரே ஆள் 40,000 ஓட்டுப் போட்டதும் இந்தத் தேர்தலில்தான். அவை செல்லாமல் போயின. அந்த உழைப்பையாவது யாரேனும் பாராட்டியிருக்கலாம்.

பூட்டெகெட்டெக்கே யார்? நம் ஏரி முக்குளிப்பானின் பெரிய பங்காளி. தலையில் கொண்டை, கன்னத்தில் செம்பழுப்பு இறகுக் குஞ்சம். ஜோடி சேரும் காலத்தில் இரண்டும் அலகில் நீர்ப்பாசியைக் கவ்விக்கொண்டு, மார்போடு மார்பாக நீரில் எழும்பி ஆடும். தன் இறகையே பிடுங்கித் தின்னும். அது வயிற்றில் மெத்தைபோல் படிய, மீன்முள்ளோடு சேர்த்து உருண்டையாகக் கக்கிவிடும். தின்றதைக் கக்கும் வேட்பாளர் கிடைப்பது அபூர்வம். மக்கள் மொத்தமாகக் குத்தியதன் காரணம் இதுவே என்பது என் துணிபு.

வெற்றிக்குப் பின் தொகுதிப் பக்கம் தலைகாட்டியதா என்ற கேள்விக்கும் விடை உண்டு. அதற்குக் கால்கள் உடலின் பின்கோடியில் இருப்பதால் தரையில் நடக்கத் தடுமாறும். ஏரியை விட்டுத் தலைநகருக்குக் கிளம்பும் உத்தேசம் அதனிடம் இல்லை.