பார்டர் அண்ணாச்சி

ஆமத்தூரிலிருந்து சிவகாசி வரை சாலையோரம் எத்தனை பட்டாசுக் கடைகளோ, அத்தனை கம்ப்யூட்டர்கள். கம்ப்யூட்டருக்கு ஒரு பார்டர் அண்ணாச்சி. பதவி கணக்குப்பிள்ளை. பார்ப்பது, எக்செல் கட்டங்களுக்குக் கோடு போட்டு வண்ணம் பூசும் வேலை.

ஆடிப்பெருக்கன்று பூஜை போட்டுத் தீபாவளி வியாபாரத்தைத் தொடங்குவது இந்த வட்டாரத்து வழக்கம். அதற்குள் பிரைஸ் லிஸ்ட் தயாராக வேண்டும். குருவி வெடி முதல் கிஃப்ட் பாக்ஸ் வரை பெயர் ஏறிவிடும். ரேட் மட்டும் ஏறாது. வெளிக்கோடு தடிப்பா, இரட்டையா என்று அண்ணாச்சி யோசித்துக்கொண்டிருப்பார்.

பழைய எக்செல் வண்ணப்பலகையில் மொத்தமே 56 நிறம். லிஸ்டும் ஒரு பொழுதில் முடிந்தது. 2007 பதிப்பு 1.6 கோடிக்கும் மேற்பட்ட நிறங்களைத் திறந்துவிட்டது. அன்று போன நிம்மதி முதலாளிக்கு இன்னும் திரும்பவில்லை. தரைச்சக்கரத்துக்கு மஞ்சள், புஸ்வாணத்துக்கு ஆரஞ்சு, ராக்கெட்டுக்கு ஊதா. பச்சையாய் எரியவைக்கும் பேரியம் உப்பை உச்ச நீதிமன்றம் 2018-இல் தடை செய்தது. அண்ணாச்சியின் பச்சைக்குத் தடை கேட்டு இன்னும் யாரும் வழக்குப் போடவில்லை.

கையால் பூசி அலுத்ததும் மேக்ரோவில் இறங்கினார். ஆல்ட்டையும் எஃப் 11-ஐயும் சேர்த்து அழுத்தி நாலு வரி எழுதினார். சரக்குத் தீர்ந்த வரிசை தானாகவே சிவந்தது.

"அண்ணாச்சி, கம்பி மத்தாப்பு ரேட்டு எங்க?"

"கட்டத்துக்குள்ளதான் இருக்கு மொதலாளி. எழுத்தும் செவப்பு, கட்டமும் செவப்பு. அதான் தெரியல."

"அப்ப பழையபடி மாத்துங்க."

"மேக்ரோ ஓடிட்டா கன்ட்ரோல் இசட் கேக்காது மொதலாளி."

ஆஃப்செட் அச்சுக்குப் பேர்போன ஊர் சிவகாசி. "ஸ்கிரீன்ல மின்னுற பச்சை நாலு கலர் மையில வராதுண்ணாச்சி" என்று அச்சகத்தார் சொன்னால் அண்ணாச்சிக்கு மனம் ஒப்பாது. அவர்களுக்குத் தொழில் தெரியவில்லை என்பார். கடைசியில் லிஸ்ட் கடையின் கறுப்பு வெள்ளை பிரின்டரில்தான் வெளிவரும். 1.6 கோடி நிறமும் ஒரே சாம்பல்.

அவர் பக்கமும் நியாயம் உண்டு. திரையில் தெரியும் எக்செல் கட்டக்கோடு தானாகத் தாளில் விழாது. பார்டர் போட்டால்தான் விழும். கோடில்லாத லிஸ்டில் புஸ்வாண ரேட்டுக்கு ராக்கெட் கேட்கும் வாடிக்கையாளர்கள் உண்டு. ஆனால் எக்செலின் கூட்டல் சூத்திரத்துக்கு எண் மட்டுமே கண்ணில் படும், நிறம் படாது. ஆகவே அந்தப் பக்கம் பட்டாசு வாங்கப் போகிறவர்கள் பார்டரைத் தாராளமாக ரசியுங்கள். பணத்தை எடுக்குமுன் பில்லை ஒருமுறை நீங்களே கூட்டிப் பார்த்துவிடுங்கள்.