கெனெப்பாவுக்கு ஒரு வக்காலத்து

கெனெப்பா மீது சுமத்தப்படும் பெரிய குற்றம், பெயருக்குத்தான் பழம், உள்ளே முக்கால்வாசி கொட்டை என்பது. லிச்சிக்கு உறவுக்காரப் பழம் இது. தென் அமெரிக்காவின் வடகோடியில் தோன்றிக் கரீபியத் தீவுகளில் குடியேறிவிட்டது. புவேர்ட்டோ ரிக்கோவில் கெனெப்பா, ஜமைக்காவில் கினெப், கியூபாவில் மமோன்சீயோ. (குடும்பம் பெரிது. பட்டுத்துணி அலசும் பூந்திக்கொட்டையும் தோசைமாவில் அரைபடும் முடக்கத்தானும் அதில் அடக்கம். லிச்சி ரொம்ப அலட்டிக்கொள்ள வேண்டியதில்லை.) பழுத்தாலும் தோல் பச்சைதான். பல்லால் லேசாகக் கடித்தால் டப்பென்று வெடிக்கும். உள்ளே வெளிர் ஆரஞ்சு நிறத்தில் வழவழவென்று கொஞ்சம் சதை, கொட்டையை விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டிருக்கும். மென்று தின்ன வழியில்லை, சப்பத்தான் வேண்டும்.

அதுதான் அதன் பெருமை என்கிறேன். பழத்தைச் சதையின் எடையால் மதிப்பது வியாபாரி கணக்கு; வாய் எத்தனை நேரம் சும்மா இல்லாமல் இருக்கிறது என்பதே தின்பவர் கணக்கு. பனங்கொட்டையை நார் வெளுக்கும்வரை சூப்பியவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். புவேர்ட்டோ ரிக்கோவின் பொன்சே நகரத்தார் இந்தப் பழத்துக்கென்று விழாவே எடுக்கிறார்கள். சதையை எடைபோட்டுப் பார்த்தா எடுக்கிறார்கள்? போதாக்குறைக்கு, அந்தக் கொட்டையையும் வறுத்துத் தின்னலாம். குற்றப்பத்திரிகையில் பாதி அங்கேயே அடிபட்டுப்போகிறது.

சாறு பட்டால் துணியில் பழுப்புக் கறை விழும், லேசில் போகாது என்பார்கள். உண்மைதான். பூந்திக்கொட்டை பிறந்த குடும்பத்தில் இப்படியொரு பிள்ளை! ஆனால் அது சட்டையின் பிரச்சினை, பழத்தினுடையது அல்ல. வழுக்கும் கொட்டை சிறுபிள்ளைகளின் தொண்டையில் சிக்கும் என்ற ஆட்சேபத்துக்கு மட்டும் என்னிடம் மறுப்பில்லை. அவர்களுக்கு முழுதாகக் கொடுக்கவே கூடாது. அத்தனை நல்ல பழமென்றால் உலகச் சந்தையில் ஏன் காணோம் என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல்: 1760இலேயே ஜாக்கின் என்ற தாவரவியலாளர் இதற்கு அறிவியல் பெயர் சூட்டிவிட்டார். ஆகவே யாருக்கும் தெரியாமல் போனதல்ல கோளாறு. மரம்தான் வியாபாரத்துக்கு வளைந்து கொடுப்பதில்லை. விதை போட்டால் காய்க்கப் பல வருஷம் ஆகும். பெரும்பாலும் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. அத்தனை வருஷம் தண்ணீர் ஊற்றிக் காத்திருந்த பிறகு, முற்றத்தில் நிற்பது ஆண் என்று தெரியவந்தால், அடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்ளலாம். நிழல் நன்றாகவே இருக்கும்.