கட்-ஆஃப் பெரியப்பா

கள்ளக்குறிச்சி, சின்னசேலம், சங்கராபுரம், தியாகதுருகம் ஆகிய ஊர்களில், பிளஸ் டூ தேர்வு முடிவு வெளியாகும் மே மாதத்தில் வெளிப்பட்டு, பொறியியல் கலந்தாய்வின் கடைசிச் சுற்று முடியும்வரை ஓயாது நடமாடி, பின்னர் அடுத்த மே மாதம்வரை சாதாரண மனிதராகவே வாழ்ந்துவரும் ஒரு வகையினரைக் கட்-ஆஃப் பெரியப்பா என்னும் பொதுப் பெயரால் குறிப்பது பொருந்தும். இவர் எவருக்கும் சொந்தப் பெரியப்பாவாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. தெருவில் ஒரு பிள்ளை பிளஸ் டூ எழுதியிருப்பதே உறவுமுறைக்குப் போதுமானது. ஓய்வுபெற்ற எழுத்தர், உரக்கடைக்காரர், எல்.ஐ.சி. முகவர், மரவள்ளிக் கிழங்கு வியாபாரி என எத்தொழிலினராகவும் இருக்கலாம். ஆசிரியராக இருப்பது மட்டும் அரிது, ஏனெனில் ஆசிரியருக்குச் சில சந்தேகங்கள் இருக்கும்.

கட்-ஆஃப் என்பது, கணித மதிப்பெண்ணை நூற்றுக்கு அப்படியே எடுத்துக்கொண்டு, இயற்பியலையும் வேதியியலையும் ஐம்பது ஐம்பதாகச் சுருக்கி, மூன்றையும் கூட்டி 200க்குக் கணக்கிடும் எண்ணாகும். ஒரு கல்லூரியில், ஒரு பாடப்பிரிவில், ஒரு குறிப்பிட்ட ஒதுக்கீட்டில் கடைசியாக இடம்பெற்றவரின் எண்ணையும் அதே சொல்லால் வழங்குவர். மரவள்ளிக் கிழங்கை அதன் மாவுச்சத்துப் பாயிண்டைக் கண்டு விலைபேசிப் பழகிய வட்டாரமாதலால், பிள்ளையையும் பாயிண்டால் நிறுத்துப் பார்ப்பதில் இங்கு எவரும் குறை காண்பதில்லை. பெரியப்பாவின் நினைவில் பத்தாண்டுக் கட்-ஆஃப் பட்டியல் முழுவதும் உறைந்திருக்கிறது. 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கிண்டிப் பொறியியல் கல்லூரியில் கணினி அறிவியல் கேட்டு வரும் பிள்ளை அரை மதிப்பெண் குறைந்தவனாயின், அவனைக் கிண்டி வழியாகச் செல்லும் பேருந்தில்கூட ஏறவேண்டாம் என்று தடுப்பவர் இவரே. இவ்வளவு அறிவுக்கும் மூலதனம், தம் மகனை எப்போதோ ஒரு கல்லூரியில் சேர்த்த அனுபவம் ஒன்றுதான். அச்சேர்க்கை, கலந்தாய்வுக்கு வெளியே கல்லூரி நிர்வாகமே நிரப்பிக்கொள்ளும் நிர்வாக ஒதுக்கீட்டில் நிகழ்ந்தது என்னும் செய்தியை அவர் மனைவி மட்டுமே வெளியிடுவதுண்டு.

ரேண்டம் எண் இவருடைய தனித்துறை. விண்ணப்பித்த ஒவ்வொருவருக்கும் கணினி வழங்கும் இந்தப் பத்து இலக்க எண், இருவரது கட்-ஆஃப் சமமாகி, பாட மதிப்பெண்களும் பிறந்த தேதியும்கூடச் சமமாகிப்போனால்தான் பயன்படுமாகையால், பெரும்பாலோருக்கு எதற்கும் உதவாது. எனினும் முதல் இலக்கம் 9 என்று தெரிந்தவுடன் பெரியப்பா காபி கேட்டு வாங்கிக் குடித்து, பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொடுத்துவிட்டே புறப்படுவார்.

இவ்வகையினரின் பொற்காலம் 2018ஆம் ஆண்டுடன் முடிந்தது. அதற்கு முன்னர் கலந்தாய்வு சென்னையில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் நேரில் நடைபெற்றது. அழைப்புக் கடிதத்தைக் காட்டினால் மாணவருக்கும் உடன் செல்லும் ஒருவருக்கும் அரசுப் பேருந்தில் பாதிக் கட்டணம் என்பதால், அந்த ஒருவராகப் பல குடும்பங்களின் செலவில் பெரியப்பா சென்னை சென்று திரும்பினார். பெற்ற தந்தை ஊரில் கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். கலந்தாய்வு இணையவழிக்கு மாறியபின் பெரியப்பாவின் பயணம் இ-சேவை மையத்தோடு நின்றுவிட்டது. அங்கே கணினியின் முன் அமர்ந்திருக்கும் இளைஞரின் தோளுக்குப் பின்னால் நின்று, அவர் ஏற்கெனவே அழுத்திவிட்ட பொத்தானை அழுத்தும்படி கட்டளையிடுவதே எஞ்சியிருக்கும் அதிகாரம்.

மருத்துவப் படிப்பைப் பற்றி இவர் பேசும்போது எண்கள் சற்றே குழம்பும். 2019 நவம்பரில் தனி மாவட்டமான கள்ளக்குறிச்சிக்கு, 2022 ஜனவரியில் சிறுவங்கூரில் 150 இடங்கள் கொண்ட அரசு மருத்துவக் கல்லூரி திறந்துவைக்கப்பட்டது. 15 விழுக்காடு அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போக, எஞ்சிய இடங்கள் மாநிலம் முழுமைக்குமான நீட் தரவரிசையில் நிரம்புகின்றன என்பதை அறிந்த பின்னரும், "நம்ம ஊரு காலேஜு, நம்ம புள்ளைக்கு இல்லாமலா?" என்று கேட்பதை அவர் நிறுத்தவில்லை. 2020ஆம் ஆண்டுச் சட்டம் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் தந்த முன்னுரிமை ஒதுக்கீடு 7.5 விழுக்காடு, ஐஐடி முதலிய மத்திய நிறுவனங்களில் பழங்குடியினருக்கான பங்கும் 7.5 விழுக்காடு, ஆகவே இரண்டும் ஒன்றே என்பது அவர் துணிபு. தமிழ்நாட்டின் சொந்த ஒதுக்கீட்டில் பழங்குடியினருக்கு 1 விழுக்காடுதான் என்று யாரேனும் குறுக்கிட்டால், அது அச்சுப்பிழை என்பார். ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்னும் விதியை, பிளஸ் டூ முடித்து வந்து நிற்கும் பிள்ளையின் பெற்றோரிடம், இனிமேல் திருத்திக்கொள்ளலாம் என்பது போன்ற கண்டிப்புடன் எடுத்துரைப்பார்.

அவரால் பயனே இல்லை என்று எழுதிவிடுவது அநீதி. ஐஐடி சேர்க்கைக்கு இதர பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ் அவ்வாண்டு ஏப்ரல் 1க்கு முன் வாங்கியதாக இருக்கக்கூடாது என்னும் நுணுக்கத்தைத் தெருவில் முதலில் உரக்கச் சொன்னவர் அவர்தான். அந்த ஒரு சொல்லால் வாய்ப்பைக் காப்பாற்றிக்கொண்ட பிள்ளைகளின் வீடுகளில் அவருக்கு இன்றும் தீபாவளிப் பலகாரம் வருகிறது.

ஆயினும் இவரது ஆட்சி கச்சிராயபாளையத்தோடு முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் சாலை கல்வராயன் மலையில் ஏறி வெள்ளிமலைக்குச் செல்கிறது. பரம்பரைத் தலைவர்கள் வரிவசூல் உரிமையுடன் ஆண்ட ஜாகீர்களாக 1976வரை இருந்த இம்மலையில், கேரளத்தோடு தொடர்பில்லாத மலையாளி என்னும் பழங்குடியினர் வாழ்கின்றனர். கீழே பிற வகுப்பினர் சாதிச் சான்றிதழை வட்டாட்சியர் அலுவலகத்திலேயே பெற்றுவிட, பழங்குடியினர் வருவாய்க் கோட்டாட்சியரின் கையொப்பத்துக்குக் காத்திருக்க வேண்டும். கோட்டாட்சியர் அலுவலகத்தில் காத்திருக்கும் நாள்களுக்குக் கட்-ஆஃப் இல்லை. இயற்பியல் ஆசிரியர் பணியிடம் காலியாகக் கிடக்கும் மாதங்களுக்கும் இல்லை. பட்டியலில் எண்ணாக வராத எதையும் பெரியப்பா பொருட்படுத்துவதில்லை என்பதால், மலையிலிருந்து இறங்கிவரும் தகப்பனிடம், "கலை அறிவியல்ல போட்டுடுப்பா" என்று கூறி, அரை நிமிடத்தில் அனுப்பிவிடுவதே நெடுங்கால வழக்கமாக இருந்தது.

2025இல் அவ்வழக்கத்துக்கு இடையூறு நேர்ந்தது. அதே மலையின் சேலம் மாவட்டப் பக்கத்திலுள்ள கருமந்துறையில், அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் படித்த மாணவி ஒருவர், ஐஐடிகளுக்கான நுழைவுத் தேர்வாகிய ஜேஇஇ அட்வான்ஸ்டில் தேறிச் சென்னை ஐஐடிக்குச் சென்றார். அம்மாணவி எந்தப் பெரியப்பாவையும் கலந்தாலோசித்ததாகத் தெரியவில்லை. செய்தி வந்த அன்று மாலையே, மலைப் பிள்ளைகளுக்கு ஐஐடிதான் சரி என்று தாம் முன்பே கூறியதாகக் கள்ளக்குறிச்சித் தேநீர்க் கடைகளில் பெரியப்பாக்கள் நினைவுகூரத் தொடங்கினர்.

அதுமுதல் மலைத் தகப்பன்மாருக்கு நாற்காலி போடப்படுகிறது. ஐஐடி, என்ஐடி இடங்களுக்கான பொதுக் கலந்தாய்வில், கிடைத்த இடமே போதும் என்பதை ஃப்ரீஸ் என்றும், அதை வைத்துக்கொண்டே எந்த நிறுவனத்திலாயினும் தம் விருப்பப் பட்டியலில் மேலுள்ள இடத்துக்குக் காத்திருப்பதை ஃப்ளோட் என்றும், அதே நிறுவனத்துக்குள் மேலான பிரிவுக்குக் காத்திருப்பதை ஸ்லைடு என்றும் வழங்குவர். ஸ்லைடு என்றால் வழுக்கிக் கீழே போய்விடுவது, அதைத் தொடவே கூடாது என்று பெரியப்பா எச்சரிக்க, தகப்பனுடன் வந்திருக்கும் பிளஸ் ஒன் மாணவி தயங்கித் தயங்கிச் சரியான பொருளைச் சொல்லும்போது, "அதத்தாம்மா நானும் சொல்றேன்" என்று கூறிவிட்டு, ரேண்டம் எண் எவ்வளவு என்று கேட்கிறார்.