ஸ்கைரிம் வீரரின் மூட்டை: ஒரு சுமையியல் ஆய்வு

உலகை விழுங்க ஆல்டுயின் என்னும் டிராகன் திரும்பி வந்துவிட்டது. அதை வீழ்த்தவல்லவர் ஒரே ஒருவர்தான். கொன்ற டிராகனின் ஆன்மாவையே உறிஞ்சிக்கொள்ளும் பிறவி. டிராகன்பார்ன் என்று அழைப்பார்கள். அந்த மாவீரர் இந்த நேரத்தில் ஒரு விடுதியின் சமையலறைக்குள் நுழைந்து, முட்டைக்கோஸ், மரத்தட்டு, சாராயக் குவளை, ஒரு வாளி என்று அகப்பட்டதையெல்லாம் பைக்குள் போட்டுக்கொண்டிருக்கிறார். ஏன் என்பதே இவ்வாய்வின் வினா.

முதலில் களம். ‘தி எல்டர் ஸ்க்ரோல்ஸ் 5: ஸ்கைரிம்’ என்னும் வீடியோ கேம் 2011 நவம்பர் 11 அன்று வெளியானது. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் உள்ள பெதஸ்டா கேம் ஸ்டுடியோஸ், டாட் ஹோவர்டின் இயக்கத்தில், ஏறத்தாழ 100 பேரைக் கொண்டு உருவாக்கியது. 2023 ஜூனில் டாட் ஹோவர்ட் சொன்ன கணக்குப்படி 6 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. இதன் கதை, இசை, நிலக்காட்சி பற்றியெல்லாம் முன்னோர் வேண்டிய மட்டும் எழுதிவிட்டார்கள். மூட்டைக்கு மட்டும் உரிய மரியாதை கிடைக்கவில்லை. கேமின் நிறை, குறை இரண்டும் அந்த மூட்டையின் ஒரே முடிச்சில்தான் கட்டப்பட்டிருக்கின்றன என்பது இக்கட்டுரையாளரின் துணிபு.

இனி அளவைகள். வீரர் தொடக்கத்தில் 300 எடை சுமக்கலாம். லெவல் ஏறும்போது ஸ்டாமினாவைத் தேர்ந்தெடுத்தால் கூடுதலாக 5. இது 300 கிலோவா, ராத்தலா, வீசையா என்றால் கேமில் அலகே கிடையாது, வெறும் 300. அதைத் தாண்டி ஒரு முட்டைக்கோஸ் ஏறினாலும் போச்சு: ஓட முடியாது, வரைபடத்தில் ஊரைத் தொட்டு ஒரே தாவலில் போய்ச் சேரவும் முடியாது. நடைதான்.

இரும்புக் கத்தி ஒன்றுக்கு எடை 2. டிராகன் செதிலுக்கு 10, எலும்புக்கு 15. டேட்ரிக் மார்புக் கவசம் 50. தங்கக் காசுக்கோ எடை பூஜ்யம். லட்சம் காசு பையில் இருந்தாலும் தோள் வலிக்காது. அம்புக்கும் எடையில்லை, ஆயிரம் அம்பு முதுகில் ஏற்றிக்கொண்டு மலையேறலாம். இந்தப் பட்டியலில் தத்துவச் சிக்கல் நிறைந்த பொருள் எல்டர் ஸ்க்ரோல் என்கிற சுருள். கேமுக்கே பெயர் தந்தது, காலத்தின் மறைபொருள் பொதிந்தது, படித்தவர்கள் கண்ணை இழப்பார்கள் என்று கேமுக்குள்ளேயே எச்சரிக்கிறார்கள். அதன் எடை 20. ஈடார் சீஸ் சக்கரத்தின் எடை 2. ஆகவே காலத்தின் மறைபொருள் பத்துச் சீஸ் சக்கரத்துக்குச் சமம் என்று நிறுவப்படுகிறது. வேலை முடிந்ததும் அந்தச் சுருளை வின்டர்ஹோல்டு கல்லூரி நூலகர் உராக் 2,000 காசுக்கு வாங்கிக்கொள்கிறார். ஸ்கைரிமில் குதிரை விலை 1,000 காசு. மேற்கொண்டு கணக்கு வாசகருக்கே விடப்படுகிறது.

அஃதேல், வாளியையும் தட்டையும் எடுத்துப் பயன் என்னவெனின், பெரும்பாலும் ஒன்றுமில்லை என்க. எடுக்க முடிகிறது, அதனால் எடுக்கிறார். இங்கேதான் கேமின் முதல் பெருமை இருக்கிறது. மேசைமேல் தெரியும் ஒவ்வொரு தட்டுக்கும் தனி இடம், தனி எடை, தனி விலை உண்டு. தட்டினால் உருளும், தூக்கினால் வரும், போட்ட இடத்தில் பெரும்பாலும் கிடக்கும். 2015இல் வந்த ‘தி விட்சர் 3’ கதை சொல்வதில் ஸ்கைரிமை எளிதாக மிஞ்சியது. அதன் விருந்து மேசையில் உள்ள தட்டோ மேசையோடு ஒட்டிப் பிறந்தது. ஸ்கைரிமில் நூற்றுக்கணக்கான சீஸ் சக்கரங்களைச் சேர்த்து மலையுச்சியிலிருந்து உருட்டிவிட்டு வீடியோ எடுத்தவர்கள் இருக்கிறார்கள். கேமில் அப்படி ஒரு வேலையை யாரும் யாருக்கும் கொடுக்கவில்லை. ஆனாலும் அது நடந்தது. ஓர் உலகம் உண்மையானது என்று நம்ப இதைவிடப் பெரிய சான்று இவ்வாய்வாளருக்குத் தேவைப்படவில்லை.

ஆனால் எதையும் தொடலாம் என்றால், எதுவும் எதையும் தொடும்.

தேனீ வழக்கைப் பார்ப்போம். கேம் தொடங்கும்போது வீரர் கைகட்டப்பட்ட கைதி. குதிரை வண்டியில் ஹெல்கன் ஊருக்குத் தலை வெட்டக் கொண்டுபோகிறார்கள். அந்த வண்டி தண்டவாளத்தில் ஓடுவதுபோல் முன்கூட்டியே தீர்மானித்த காட்சி அல்ல. இயற்பியல் கணக்குப்படி நிஜமாகவே கல்லிலும் மேட்டிலும் உருள்கிறது. கேம் தயாரிப்பில் இருந்தபோது அது சில சமயம் கிடுகிடுவென ஆடி, ராக்கெட் மாதிரி வானத்துக்குப் பறந்துவிட்டதாம். எல்லா முறையும் அல்ல, சில முறை மட்டும். காரணம் எவருக்கும் பிடிபடவில்லை. பெதஸ்டாவில் பணியாற்றிய நேட் பர்க்கிபைல் 2021இல் இதன் பின்னணியைச் சொன்னார். கேமில் தேனீயைக் கையில் பிடிக்க முடியாமல் ஒரு பக் இருந்திருக்கிறது. தேனீ இல்லாவிட்டால் சில மருந்துகளைக் காய்ச்ச முடியாது. எனவே தேனீயைப் பிடிக்கும்படி சரிசெய்தார்கள். அந்தத் திருத்தம் தேனீக்கு மோதும் உடம்பையும் சேர்த்துத் தந்துவிட்டது. அதை எதனாலும் அசைக்க முடியாது. பறந்து வந்த தேனீ வண்டியின் பாதையில் குறுக்கிட்டால், வழிவிட வேண்டியது வண்டிதான். ஆக, தேனீயையும் பையில் போட வேண்டும் என்ற ஆசை ஒரு வண்டியைக் குதிரையோடும் கைதிகளோடும் விண்ணில் ஏற்றியிருக்கிறது. சுமையியலில் இதைவிடத் தெளிவான சோதனை நடந்ததில்லை.

வாளிச் சோதனையும் இதே இனம். கேம் வந்த சில நாட்களிலேயே ஒரு வீடியோ பரவியது. கடைக்காரரின் தலையில் வாளியைக் கவிழ்க்க வேண்டும். அவர் ஒன்றும் சொல்லமாட்டார், நின்ற இடத்தில் நிற்பார். பிறகு கடை முழுவதையும் அள்ளலாம். கேமின் கணக்கில் திருட்டு என்பது கண்ணில் பட்டால் குற்றம். கண்ணுக்கும் கைக்கும் நடுவே ஒரு பொருள் மறைத்தால் பார்வை அறுந்தது. வாளி நிஜமான பொருள், எனவே நிஜமாகவே மறைக்கிறது. தர்க்கத்தில் ஓட்டையே இல்லை. தலையில் வாளியைக் கவிழ்த்த ஆளைக் கண்டிக்கக் கடைக்காரருக்குத்தான் யாரும் கற்றுத்தரவில்லை.

இவை சிரிக்கத்தக்க குறைகள். சிரிக்க முடியாததும் ஒன்று உண்டு. வீரர் எதைத் தொட்டார், எதை எங்கே போட்டார், யாரைக் கொன்றார் என்பதையெல்லாம் சேவ் ஃபைல் சுமக்க வேண்டும். பிளேஸ்டேஷன் 3இல் ஆட்டம் நீள நீளப் படம் திக்கித் திணறியது. காசு கொடுத்து வாங்கியவர்கள் கொதித்தார்கள். ஃபைலின் பருமன் மட்டும் காரணமல்ல, ஆட்டக்காரர் எதை எந்த வரிசையில் செய்தார் என்பதைப் பொறுத்தது என்று டாட் ஹோவர்ட் பின்னர் விளக்கினார். விளக்கம் சரியாகவே இருக்கட்டும்; விருப்பப்பட்ட வரிசையில் விளையாடலாம் என்று சொல்லித்தானே விற்றார்கள்? ‘டான்கார்ட்’ என்ற கூடுதல் பாகம் எக்ஸ்பாக்ஸுக்கு 2012 ஜூனில் வந்தது. பிளேஸ்டேஷன்காரர்கள் 2013 பிப்ரவரி வரை காத்திருந்தார்கள். அதற்கும் முன்பே, 2011 நவம்பர் இறுதியில் வந்த 1.2 பேட்ச் என்ற திருத்தத்தைப் போட்டதும் டிராகன்கள் பின்பக்கமாகப் பறக்கத் தொடங்கின. உலகை அழிக்க வந்த இனம் வாலை முன்னே விட்டு வந்தால் யார்தான் நடுங்குவார்கள்?

மூட்டை நிரம்பினால் விற்க வேண்டும். அங்கே பொருளாதாரம் குறுக்கே நிற்கிறது. பலசரக்குக் கடைக்காரரின் கல்லாவில் இருப்பது 750 காசு, கொல்லர் கையில் 1,000. டிராகன் எலும்பின் அடிப்படை மதிப்பே 500. அதனால் உலகின் அரிய சரக்கை வைத்துக்கொண்டு வீரர் கடை வாசலில் நிற்கிறார், வாங்க ஆள் இருந்தும் காசு இல்லை. 48 மணி நேரம் கழிந்தால் கல்லா மறுபடி நிரம்பும். எனவே ஒரு பொத்தானை அழுத்தி இரண்டு நாள் அசையாமல் காத்திருப்பது ஸ்கைரிம் வணிகத்தின் அடிப்படை நுட்பம். உற்பத்தித் துறையிலும் இதே கதைதான். தொடக்கத்தில் எதை அடித்தாலும் கொல்லர் தொழில் திறன் ஒரே மாதிரி ஏறியதால், ஆட்டக்காரர்கள் இரும்புக் கத்தியை நூற்றுக்கணக்கில் அடித்துக் குவித்தார்கள். செய்யும் பொருளின் விலையைப் பொறுத்துத் திறன் கூடும்படி 2012இல் பேட்ச் வந்த பிறகே ஸ்கைரிமின் கத்தித் தொழில் நசிந்தது.

சுமைக்கு இன்னொரு தீர்வு லிடியா. வைட்ரன் நகரத்துத் தலைவர் வீரருக்குத் துணையாகத் தரும் போர்ப்பெண். பையைத் திறக்கச் சொன்னால், உங்கள் சுமையைச் சுமப்பதாகச் சத்தியம் செய்திருக்கிறேன் என்று ஒரு குரலில் சொல்வாள் பாருங்கள், அந்தக் குரலில் உள்ள சலிப்புக்காகவே அவளை உலகம் நினைவில் வைத்திருக்கிறது. அவளுக்கும் எடை வரம்பு உண்டு. ஆனால் தரையில் கிடப்பதை எடு என்று ஏவினால் வரம்பைப் பார்க்காமல் எடுத்துக்கொண்டே இருப்பாள் என்பதை ஆட்டக்காரர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். மனசாட்சி உள்ளவர்கள் அப்படிச் செய்வதில்லை. மற்ற எல்லோரும் செய்கிறார்கள்.

இனிக் கேமின் பெரிய குறைக்கு வரலாம். தட்டுக்கு எடை கொடுத்தவர்கள் செயலுக்கு எடை கொடுக்கவில்லை. வின்டர்ஹோல்டு கல்லூரியில் சேர ஒரே ஒரு மந்திரம் போட்டுக் காட்டினால் போதும். அதன்பின் பெரும்பாலும் வாளை வீசியே அதன் தலைமைப் பொறுப்புக்கு வந்துவிடலாம். அதே ஆள் திருடர் சங்கத்துக்கும் தலைவர், கொலையாளிக் கூட்டத்துக்கும் முதன்மையானவர், கம்பேனியன்ஸ் என்ற போர்வீரர் குழுவுக்கும் வழிகாட்டி. நான்கு பதவியும் ஒரே நேரத்தில். ஒன்றுக்கொன்று பகை வரவில்லை, எவரும் ராஜினாமா கேட்கவில்லை. தெருவில் நிற்கும் காவலாளியோ பழைய அலட்சியத்தோடே பேசுகிறான். கேமில் நடக்கும் உள்நாட்டுப் போரில் எந்தப் பக்கம் வென்றாலும் கோட்டையில் கொடி மாறும், நாற்காலியில் ஆள் மாறுவார், சந்தையில் முட்டைக்கோஸ் விலை மாறாது. 70க்கு மேற்பட்ட நடிகர்கள் 60,000 வரிகள் பேசியிருக்கிறார்கள். மாக்ஸ் வான் சீடோ, கிறிஸ்டோபர் பிளம்மர் போன்ற பெரிய கலைஞர்களும் அதில் உண்டு. ஆனாலும் பத்துக் காவலாளிகள் ஒரே தொண்டையில் பேசுவதைக் கேட்டால் ஸ்கைரிம் ஒரு பெரிய கூட்டுக்குடும்பமோ என்ற ஐயம் வரும்.

புதிர்களும் அப்படித்தான். பழைய கல்லறைகளின் உட்கதவைத் திறக்க மூன்று வளையங்களில் உள்ள விலங்கு உருவங்களைச் சரியான வரிசையில் சுழற்ற வேண்டும். பிறகு டிராகன் நகத்தைச் சாவியாகச் செருக வேண்டும். விடை அந்த நகத்தின் உள்ளங்கையிலேயே செதுக்கியிருக்கிறது. இவற்றைக் கட்டிய நார்டு இனத்து முன்னோர்களின் பாதுகாப்புக் கொள்கை இன்னும் தீவிரமான ஆய்வுக்குரியது.

எப்படி ஆட நினைத்தாலும் முடிவில் எல்லோரும் மறைந்திருந்து அம்பெய்பவராகிவிடுவர் என்பது ஆட்டக்காரர் அனைவரும் ஒப்பிய விதி. மந்திரவாதியாகத் தொடங்கினாலும் தப்பவில்லை. காரணங்கள் இரண்டு. முதலாவது, மேலே சொன்னபடி அம்புக்கு எடையில்லை. மற்றது எதிராளியின் மனநிலை: உடம்பில் அம்பு தைத்த கொள்ளையன் சற்று நேரம் தேடிவிட்டு, காற்றாக இருக்கும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டு காவலுக்குத் திரும்புகிறான். நேருக்கு நேர் மோத நேர்ந்தாலும் கவலையில்லை. பையைத் திறந்தால் உலகமே உறைந்து நிற்கும்; ஓங்கிய கோடாரி தலைக்கு மேலே நிற்க, வீரர் நிதானமாக இருபது முட்டைக்கோஸ் தின்னலாம். காய்கறி சூப் கிடைத்தால் இன்னும் விசேஷம். 720 வினாடிக்கு உயிரும் ஸ்டாமினாவும் சிறிது சிறிதாக ஊறிக்கொண்டே இருக்கும். துளி ஸ்டாமினா இருந்தாலே பலத்த அடி அடிக்கலாம் என்பதால், ஒரு கிண்ணம் சூப் பன்னிரண்டு நிமிடம் ஓயாத அடியாகிறது. சண்டை முறை மெல்லியது என்று விமர்சகர்கள் குறைப்பட்டது நியாயமே. வாள் பட்டதாக உடம்பு காட்டிக்கொள்வதில்லை, சூப் பட்டது மட்டும் தெரிகிறது.

இத்தனை குறையும் சொல்லிவிட்டு, ஏன் மறுபடி அங்கே போகிறார்கள் என்பதற்குக் கட்டுரையாளர் பதில் சொல்லியாக வேண்டும். நடை. மலைமேல் உள்ள ஹை ஹ்ரோத்கர் மடத்துக்கு 7,000 படிகள் என்று சொல்கிறார்கள். எண்ணிப் பார்த்தவர்களுக்கு ஆயிரம்கூடத் தேறவில்லை. அதனால் என்ன? பனி சுழன்றடிக்க, ஜெரமி சோல் இசை எங்கிருந்தோ மெல்ல எழ, வழியோரக் கல்லில் வெட்டிய எழுத்தை நின்று படித்தபடி ஏறினால் ஏழாயிரம் என்றே கால் நம்புகிறது. பிளாக்ரீச் என்ற பாதாளப் பெருவெளியில் ஒளிரும் காளான் மரங்களைத் தற்செயலாகக் கண்டவர்கள் எதற்கு அங்கே இறங்கினோம் என்பதை மறந்திருப்பார்கள். வழியில் கிடைக்கும் புத்தகங்கள் 300க்கு மேல், உண்மையாகவே படிக்கலாம். ஒவ்வொன்றுக்கும் எடை உண்டு என்று சொல்லத் தேவையில்லை.

மாட்கள், அதாவது ஆட்டக்காரர்களே கேமில் செய்துகொள்ளும் மாற்றங்கள், தனி ஆய்வுக்குரியவை. இங்கே தொட்டுவிட்டுப் போவோம். 2012 பிப்ரவரியில் அவற்றைச் செய்ய உதவும் கிரியேஷன் கிட் என்ற கருவி கிடைத்த பிறகு ஆட்டக்காரர்கள் டிராகனுக்குப் பதில் தாமஸ் ரயில் எஞ்சினைப் பறக்கவிட்டார்கள். ‘தி ஃபர்காட்டன் சிட்டி’ என்ற மாட் 2016இல் ஆஸ்திரேலிய எழுத்தாளர் சங்கத்தின் விருதைப் பெற்று, 2021இல் தனி கேமாகவே வந்தது. 2015 ஏப்ரலில் மாட்களைக் காசுக்கு விற்க ஸ்டீம் என்ற இணையக் கடையில் முயன்று, எதிர்ப்பு தாங்காமல் சில நாட்களிலேயே பின்வாங்கினார்கள்.

சுமை வரம்பை முற்றிலும் நீக்கும் மாட்களும் ஏராளம். மூட்டைச் சிக்கல் அத்தோடு தீர்ந்தது என்று இவ்வாய்வை முடித்திருக்கலாம். ஆனால் 2017இல், கூடுதல் சரக்குகளைக் காசுக்கு விற்கும் கிரியேஷன் கிளப் வழியாக ‘சர்வைவல் மோட்’ வந்தது. அதில் பசி உண்டு, குளிர் உண்டு, தாவிப் பயணம் கிடையாது. சுமக்கும் வரம்பைக் குறைத்து, அதுவரை எடையில்லாதிருந்த அம்புக்கும் பூட்டு திறக்கும் கம்பிக்கும் எடை போட்டிருந்தார்கள். வாங்கினார்கள்.