பேரு வையிலே பேராண்டி

ஏலே பேராண்டி, சுவரு பூரா பஞ்சு ஒட்டியிருக்க. ஊதா லைட்டு எரியுது. மைக்குக்கு முன்னால துணி வளையம் வேற. கம்ப்யூட்டருக்குள்ள எட்டிப் பாத்தாத்தானே தெரியுது வண்டவாளம்! ‘ஃபைனல்’னு ஒண்ணு, ‘ஃபைனல் புதுசு’ன்னு ஒண்ணு, ‘இதான் கடைசி’ன்னு ஒண்ணு. கடைசிக்குப் பெறவும் ரெண்டு பொறந்திருக்கே, எப்படிலே?

மிக்ஸிங்குக்குப் புராஜெக்ட் ஃபைலை மட்டும் அனுப்பிட்டு நெஞ்ச நிமித்துத. அதுல பாட்டு ஏதுலே? ரீப்பர் ஃபைலை நோட்பேடுல தொறந்து பாரு. வெறும் எழுத்து. எந்தக் குரலு எங்க கெடக்கு, எந்த நொடியில தொடங்கணும், சத்தம் எம்புட்டு, இதான் இருக்கும். அது மளிகைச் சீட்டுலே! சீட்டை விரிச்சுப் பந்தி போட்டா எவன் கை நனைப்பான்? 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டுன்னா ஒத்த மோனோ டிராக்கே நிமிசத்துக்கு எட்டரை எம்பி தாண்டும். நீ அனுப்புனது சில கேபி. அப்பவாவது சந்தேகம் வர வேண்டாமா?

ரெக்கார்டு பட்டனைத் தொடுமுன்ன பாட்டுக்கு ஒரு ஃபோல்டர் போட்டுச் சேமி. வெளியேயிருந்து இழுத்துப் போட்ட சத்தமும் அதுக்குள்ளயே வரணும். ரீப்பர்ல சேமிக்கும்போதே அதுக்கு ஒரு டிக் இருக்கு. ஏபிள்டன்ல ‘கலெக்ட் ஆல் அண்ட் சேவ்’. இதுக்கும் யூடியூபுல ஒருத்தன் வந்து பாடம் எடுக்கணுமாக்கும்!

பேரு விசயத்துக்கு வா. நான் டேப்பு சுத்துன காலத்துல டப்பாக்குள்ள ஒரு தாளு இருக்கும். 24 டிராக்குல எதுல தவில், எதுல வயலின், எல்லாம் பென்சில்ல எழுதியிருக்கும். செகண்டுக்கு 30 இஞ்சு ஓடுனா ஒரு சுருளு 16 நிமிசம் சொச்சம். இடம் கம்மி, அதான் கவனம் இருந்துச்சு. ஒனக்கு டெராபைட்டு கணக்குல கெடக்கு, தும்முனதையும் சேத்து வச்சிருக்க. கியூபேஸும் புரோ டூல்ஸும் டிராக் பேரைத்தாம்லே ஃபைலுக்கும் வைக்கும். நீ வைக்கலேன்னா ‘ஆடியோ 01’ மாதிரி ஒண்ணை அதுவா வச்சிரும். நேத்து ஒன் சரணம்னு ஒண்ணைப் போட்டுக் காட்டுனியே, அதுல ஒங்க ஆச்சி பால்காரனை வைதது மட்டுந்தான் கேட்டுச்சு. சும்மா சொல்லப்படாது, சுருதி சுத்தம்.

இந்த லட்சணத்துல அட்மாஸ் மிக்ஸ் பண்ணப் போறியாமே? கூரையேறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானமேறி வைகுண்டம் போனானாம்!

என்னது, பேக்கப் இருக்கா? பரவால்லியே, காட்டு பாப்போம். அட கூறுகெட்டவனே, அதுவும் இதே டிஸ்க்குலல்லா கெடக்கு!