போர்ட்டு பெருசு

ராயபுரம் கல்மண்டபம் பக்கம் ஒருவர் உண்டு. திருவொற்றியூர் தேரடிப் பக்கம் ஒருவர், கத்திவாக்கத்திலும் ஒருவர் தப்பாமல் இருப்பார். தெருவே அவரைப் 'போர்ட்டு பெருசு' என்றுதான் கூப்பிடும். அவர் வேலை பார்த்த இடத்தை 2021 சட்டம் துறைமுக ஆணையம் ஆக்கிவிட்டது. அவர் மட்டும் இன்னும் போர்ட் ட்ரஸ்ட்டில்தான் பென்ஷன் வாங்குகிறார். பார்த்தது டாலி கிளார்க் உத்தியோகம். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணி, கப்பல்காரன் கணக்கோடு ஒத்துப் பார்த்து, அப்புறம்தான் கையெழுத்து. மேஸ்திரி கத்தட்டும், லாரிக்காரன் ஹாரன் அடிக்கட்டும், எண்ணி முடிக்காமல் பேனா மூடியைத் திறக்க மாட்டார். இப்போது எண்ண மூட்டை இல்லாததால் அந்தப் பொறுமை முழுவதும் போனுக்கு வந்துவிட்டது.

மும்பை போலீஸ் என்று ஒருவன் வீடியோ காலில் வருகிறான் என்று வையுங்கள். காக்கிச் சட்டை, முதுகுக்குப் பின்னால் அசோகச் சின்னம். "உங்க பேர்ல வந்த பார்சல்ல போதைப்பொருள் இருக்கு. உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் பண்ணியிருக்கோம். கேமராவை அணைக்கக் கூடாது." இந்த உறுமலைக் கேட்டு, பெரிய படிப்புப் படித்தவர்களே ஆயுள் சேமிப்பை அனுப்பிவைத்திருக்கிறார்கள். பெருசோ, "இரு நைனா, கண்ணாடி எட்தாறேன்" என்று எழுந்து போவார். கண்ணாடி லேசில் கிடைக்காது. வந்து உட்கார்ந்து, "இன்னா பார்சலு? எத்தினி கிலோ? எந்தக் கப்பல்ல வந்துச்சு?" என்பார்.

"கப்பல் இல்ல சார், ஏர் கூரியர்."

"அப்ப நம்ம டிபார்ட்மென்ட் இல்லியே. சரி, பில் நம்பரைச் சொல்லு, எய்திக்கிறேன்."

பேனா எழுதாது. வேறு பேனா தேடுவதற்குள் மாத்திரை வேளை வந்துவிடும். கேமராவை அணைக்கக் கூடாதென்று உத்தரவாகியிருப்பதால், போனை மல்லாக்கப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போவார். மும்பை அதிகாரி சீலிங் ஃபேனை விசாரித்துக்கொண்டிருப்பார். லைனைக் கட் பண்ணுவது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

நம் சட்டத்தில் டிஜிட்டல் அரெஸ்ட் என்று ஒன்று கிடையவே கிடையாது. 2024 அக்டோபர் 27-ல் பிரதமரே ரேடியோவில் சொன்னார். பெருசும் கேட்டிருப்பார்தான். ஆனால் அதைக் கேட்பதற்கு முன்பும் அவர் இப்படித்தான். மோசடிக்காரன் போடும் முதல் முழுக்க அவசரம்: இப்பவே, பத்து நிமிஷத்துக்குள்ளே, யாரிடமும் சொல்லாமல். அவசரப்படவே தெரியாத மனுஷனிடம் அவன் எதை வைத்துத் தொழில் செய்வான்?

'இன்றிரவு 9.30-க்கு உங்கள் மின்சாரம் துண்டிக்கப்படும், இந்த அதிகாரியை அழைக்கவும்' என்று 2022-ல் ஊரெல்லாம் எஸ்.எம்.எஸ். வந்ததே, அப்போதும் அவர் பதறவில்லை. மஞ்சள் பையிலிருந்து ஈ.பி. கார்டை எடுத்தார், ரீடிங் எடுத்த தேதியைப் பார்த்தார். "கெடு இன்னும் கீது. எவன் வந்து ஃபீஸ் புடுங்குறான்னு பாக்கிறேன்." பழைய பைக்கை விற்கப்போன பேரனிடம் 'ராணுவ வீரர்' ஒருவர் க்யூ.ஆர். கோடு அனுப்பி, ஸ்கேன் செய்து பின் நம்பர் போட்டால் பணம் வரும் என்றபோதும் பெருசு ஒரே கேள்விதான் கேட்டார்: "துட்டு வாங்கறதுக்கு நீ இன்னாத்துக்குடா பின்னு போடணும்?" யு.பி.ஐ.யின் அடிப்படை விதியே அதுதான்.

இந்த விஷயத்தில் அவர் மதிக்கும் ஒரே ஆள் காசிமேட்டு மீன்காரம்மா. வஞ்சிரம் வாங்கியவன் பணம் போய்விட்டதாகப் போன் திரையை நீட்டுவான். அந்தம்மா அதைத் திரும்பியும் பார்க்க மாட்டார். "பொட்டி பேசட்டும் கண்ணு." கடையிலிருக்கும் ஸ்பீக்கர் பெட்டி தொகையைச் சொன்ன பிறகுதான் மீன் பைக்குள் விழும்.

இவரோடு குடும்பம் நடத்துவது வேறு கதை. நிஜ பேங்கிலிருந்து கூப்பிட்டாலும், "பேங்க்குக்கு எதிர்ல இன்னா கடை கீது, சொல்லு" என்பார். சிலிண்டர் பையனிடம் டெலிவரி நம்பரைச் சொல்ல மறுத்து மருமகளின் அடுப்பை அணைத்திருக்கிறார். பஹ்ரைனிலிருந்து மகள் அவசரமாகப் பணம் கேட்டால் பாட்டி பெயரைச் சொல்லச் சொல்வார். குரலையே நகலெடுக்கும் காலத்தில் அது கிறுக்குத்தனம் இல்லை என்று நான் எழுதினால் அந்த மகள் என்னைச் சும்மா விடமாட்டாள்.

ஆனால் ஒன்று: பணம் போய்விட்டால் முதலில் அவரிடம் ஓடாதீர்கள். பர்மா பஜாரில் டேப் ரிக்கார்டர் என்று வாங்கிய பெட்டிக்குள் செங்கல் இருந்த கதையில் ஆரம்பிப்பார், லேசில் முடியாது. அதற்குள் உங்கள் பணம் நாலு கணக்குத் தாண்டி எங்கோ ஒரு ஏ.டி.எம்.மில் நோட்டாக வெளியே வந்துவிடும். வெட்கப்பட்டு மூடிவைக்காமல் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-ஐக் கூப்பிடுங்கள். பணம் ஏதாவது ஒரு கணக்கில் நிற்கும்வரைதான் வங்கியால் அதை முடக்கிவைக்க முடியும். புகார் எண்ணை வாங்கிக் குறித்துக்கொண்ட பிறகு, செங்கல் கதையைச் சாவகாசமாகக் கேட்கலாம்.